உதவி நன்கொடையும் எமது ஆசிரியர்களும்

இலங்கை முஸ்லிம்கள் நவீன கல்வியிற் பிந்தியமைக்குக் காரணம் கூற முற்படுவோர் முதலிற் தொடுவது மதப்பற்றையே. மிஷன் பாடசாலைக்கு அனுப்பினால் பிள்ளை மதம் மாறிவிடும் என்று எமது மூத்தவாப்பாமார் அஞ்சினர் என்பர். அது பொய்யன்று. ஆனால் முழுவதும் அதுவேயன்று. மீதி அரசாங்கத்தின் கணக்கேட்டில் இருக்கிறது என்பது எனது நெடுநாளைய எண்ணம். கல்விக்கென அரசு கொடுத்த பணம் எந்த விதிப்படி, யார் கையில், எதை அளந்து கொடுக்கப்பட்டது என்று பார்த்தால், எமது ஊர்களுக்கு ஆசிரியர் கிடைக்காமற் போன கதை வேறுவிதமாகத் தெரியும்.

அந்த விதி இங்கு பிறந்ததன்று. அதன் ஊற்றைத் தேடி இங்கிலாந்துக்குத்தான் போகவேண்டும்.

1833 இல் பிரித்தானியப் பாராளுமன்றம் பாடசாலைக் கட்டடங்களுக்கென 20,000 பவுண் ஒதுக்கியது. கல்விக்கென அது கொடுத்த முதற் பணம் அதுதான். கட்டடம் எழும்பியது, படிப்பிக்க ஆளில்லை. இதை நன்கு உணர்ந்தவர் ஜேம்ஸ் கே ஷட்டில்வேர்த். வைத்தியராயிருந்து கல்வி நிர்வாகத்துக்கு வந்தவர் அவர். 1840 இல் பட்டர்சியில் ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையொன்றைத் தொடங்கினார். 1846 இல் அவர் முயற்சியால் வந்த விதிகள் அரச பணத்தை நேரே ஆசிரியரின் மீது செலவிட்டன. பதின்மூன்று வயதுப் பிள்ளையொன்று ஐந்து வருடம் ‘மாணவ உபாத்தியாய’ராகப் பயிலலாம். முதல் வருடம் 10 பவுண், ஐந்தாம் வருடம் 20 பவுண் என அதற்குப் படி. பயிற்றுவிக்கும் தலைமையாசிரியருக்கும் தனியாகப் பணம். பயிற்சி முடிந்து பரீட்சையிற் தேறினால் கலாசாலையிற் கற்க அரசியின் பெயரிலான புலமைப்பரிசில். தராதரப் பத்திரம் பெற்று வெளிவந்தால் சம்பளத்தோடு அரசின் மேலதிகக் கொடுப்பனவு. ஓர் ஏழை வீட்டுப் பிள்ளை ஏறக்கூடிய படிகளாக அவை இருந்தன.

பதினாறு வருடத்தில் அந்தப் படிகள் பெயர்க்கப்பட்டன. செலவு கூடிவிட்டது என்ற முறைப்பாடு எழ, கல்விக்குப் பொறுப்பாயிருந்த றொபர்ட் லோ 1862 இல் ‘திருத்திய கோவை’யைக் கொண்டுவந்தார். கல்வி சிறக்காவிட்டாலும் செலவாவது குறையும் என்பதே அவர் நியாயம். அதை அவர் மறைக்கவுமில்லை. ஆசிரியருக்கும் மாணவ உபாத்தியாயருக்கும் நேரே போன பணம் நின்றது. அதற்குப் பதிலாக, ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையொன்றுக்கு வரவின் அடிப்படையில் 4 ஷில்லிங், பரீட்சையின் அடிப்படையில் 8 ஷில்லிங். வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றுக்கும் தலைக்கு 2 ஷில்லிங் 8 பென்ஸ். ஒன்றிற் தவறினால் அந்தப் பங்கு வெட்டு. பரிசோதகர் வரும் நாளில் பிள்ளை காய்ச்சலாய்ப் படுத்துவிட்டால் எட்டு ஷில்லிங்கும் போயிற்று.

கவிஞரும் விமர்சகருமான மத்தியூ ஆர்னல்ட் அக்காலத்தில் பாடசாலைப் பரிசோதகராய் வயிறு வளர்த்தவர். தான் வேலை செய்யும் திணைக்களத்தின் தலைவருடைய கோவையையே அவர் 1862 இல் கண்டித்து எழுதினார். இலக்கியகாரர் உத்தியோகத்திலிருந்தால் வாய்மூடியிருக்க வேண்டும் என்போர் இதைக் கவனிக்கலாம். பரிசோதனை நாளுக்காகப் பிள்ளைகள் மனப்பாடம் செய்வதையும், ஆசிரியத் தொழிலுக்கு வரும் இளைஞர் தொகை வீழ்ந்ததையும் அவருடைய பின்னைய அறிக்கைகள் எடுத்துக்காட்டின. லோ 1864 இற் பதவி விலகினார். ஆனால் அதற்குக் காரணம் கோவையல்ல, பரிசோதகர்களின் அறிக்கைகளை வெட்டிக் குறைத்து வெளியிட்டார் என்ற குற்றச்சாட்டு. கோவை அவருக்குப் பின்னும் 1890 கள் வரை உயிரோடிருந்தது.

அந்த ‘பெறுபேற்றுக்கேற்ற கொடுப்பனவு’ முறைதான் கப்பலேறி இங்கு வந்தது. றிச்சர்ட் மோர்கன் தலைமையிலான குழு 1867 இல் அறிக்கை சமர்ப்பித்தது. 1869 இற் பொதுப் போதனைத் திணைக்களம் உருவானது. 1870 முதல், எந்தச் சமயத்தார் நடத்தும் பாடசாலையாயினும் பரிசோதனையிற் தேறும் மாணவருக்கேற்ப உதவி நன்கொடை பெறலாம் என்றாயிற்று.  காகிதத்தில் இதைவிட நீதியான விதி வேறில்லை. எல்லோருக்கும் ஒரே அளவுகோல்.

நடைமுறையில் அது எப்படி வேலை செய்தது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்கவேண்டும். நன்கொடை வேண்டுமாயின் முதலிற் பாடசாலை இருக்கவேண்டும். அது வருடம் முழுதும் நடக்கவேண்டும். ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்திருக்கவேண்டும். அதன்பின்னரே வித்தியாதரிசி வருவார், பரீட்சிப்பார், பணம் வரும். முன்பணம் போடக்கூடியவருக்கே அந்த விதி உதவும். மிஷன்களுக்கு வெளிநாட்டுப் பணம் இருந்தது. அதைவிட முக்கியமாக அவற்றிடம் ஆசிரியர்கள் இருந்தார்கள். அமெரிக்க மிஷன் வட்டுக்கோட்டையில் 1823 இலேயே செமினரி அமைத்துவிட்டது. நன்கொடை முறை வந்தபோது பரிசோதனைக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்தக்கூடிய ஆட்கள் ஒரு தரப்பிடம் ஏற்கெனவே இருந்தனர்.

எமது பக்கத்தில் இருந்தது ஓதப்பள்ளி. லெப்பையிடம் பிள்ளைகள் குர்ஆன் ஓதினர், அறபுத் தமிழில் எழுதவும் வாசிக்கவும் கற்றனர். அறபெழுத்திற் தமிழைச் சரளமாக வாசித்த ஒரு பெண்பிள்ளை வித்தியாதரிசியின் இடாப்பில் எழுத்தறியாதவளே. அவளுக்காக ஒரு சதமும் வராது. நன்கொடை வராததால் பயிற்றப்பட்ட ஆசிரியரை வைக்க முடியாது. அப்படியான ஆசிரியர் இல்லாததால் நன்கொடை வராது. இந்தச் சக்கரத்துக்குள் எமது சமூகம் பல தசாப்தம் சுற்றியது. இதை மதவைராக்கியம் என்ற ஒற்றைச் சொல்லில் அடக்குவது எனக்கு உடன்பாடில்லை.

மர்ஹூம் சித்திலெப்பையின் முயற்சிகளை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்கும்போது அவர் இன்னும் உயர்ந்து தெரிகிறார். சட்டத்தரணித் தொழிலில் வருவாயுள்ளவர், 1882 இல் ‘முஸ்லிம் நேசன்’ தொடங்கி எழுதி எழுதிச் சமூகத்தை உசுப்பினார். 1884 இல் கொழும்பிற் பாடசாலை தொடங்கினார். நாடுகடத்தப்பட்டு இங்கு வந்திருந்த ஒராபி பாஷாவும், கொழும்பு நூதனசாலையைக் கட்டிய வாப்பிச்சி மரைக்காரும் துணைநிற்க 1892 இல் மருதானையில் அல்மத்ரஸதுஸ் ஸாஹிறா உருவானது. இவர்கள் செய்தது, மேற்சொன்ன முன்பணத்தைச் சமூகத்தின் மடியிலிருந்து போட்டதுதான். ஆனால் ஒன்றை அவர்களாலும் தனித்துச் செய்ய முடியவில்லை: முஸ்லிம் ஆசிரியரைப் பயிற்றுவிக்கும் ஒரு கலாசாலை. அரசாங்கமே கொழும்பில் ஆசிரிய பயிற்சிக் கல்லூரியை 1903 இற்றான் திறந்தது. எமது கிராமங்களுக்கு அதன் வெளிச்சம் எட்டவில்லை. அங்கு படிப்பித்தவர்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்த தமிழ்ச் சட்டம்பிமார். அவர்களுக்கு நாம் பட்ட கடனை எமது எழுத்தாளர்கள் இன்னும் முறையாக எழுதவில்லை என்பதையும் இவ்விடத்திற் சொல்லிவைக்கிறேன்.

1941 இல் அட்டாளைச்சேனையில் ஆசிரிய கலாசாலை தொடங்கியதை நான் எமது கல்வி வரலாற்றின் திருப்பமாகக் கருதுகிறேன். 1945 இல் வந்த இலவசக் கல்வியை எல்லோரும் பேசுகிறோம், அவ்வருடமே ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் முன்னின்று தொடங்கிய முஸ்லிம் கல்விச் சகாய நிதியையும் பேசுகிறோம். அவை பிள்ளைக்கு வழி திறந்தன. பிள்ளை போய் அமரும் வகுப்பறையில் நிற்கவேண்டிய ஆளைத் தந்தது கலாசாலை. அரச பணம் மீண்டும் ஆசிரியரின் மீது, பயிற்சியின் மீது செலவானது. கே ஷட்டில்வேர்த்தின் படிக்கட்டு எமது கடற்கரை மணலில் ஒருவாறு ஊன்றப்பட்டது எனலாம். 1960 ஆம், 1961 ஆம் வருடச் சட்டங்களால் உதவி நன்கொடைப் பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றதோடு பழைய நன்கொடை முறையின் கதை அநேகமாக முடிந்தது. முதற் சட்டத்தின் தலைப்பிலேயே பாடசாலைகளோடு ஆசிரிய கலாசாலைகளும் சேர்க்கப்பட்டிருந்தன.

நான் ஆசிரிய சேவையிற் சேர்ந்தது அதற்குப் பின். பயிற்சியேதுமின்றி ஒரு கிழக்கிலங்கைக் கிராமத்தில் மூன்றாம் வகுப்புக்கு முன்னால் நிறுத்தப்பட்டேன். கலாசாலைக்கு இடம் கிடைக்க ஐந்து வருடம் காத்திருந்தேன். அக்காலத்தில் அதுவே வழமை: முதலில் நியமனம், பிறகு பயிற்சி. 1985 முதல் தோன்றிய கல்வியியற் கல்லூரிகள் அந்த ஒழுங்கைத் தலைகீழாக மாற்றின. இரண்டு வருட வதிவிடப் பயிற்சி, ஒரு வருடப் பாடசாலைப் பயிற்சி, மாதாந்தப் படி, அதன்பின்னரே நியமனம். அட்டாளைச்சேனையிலும் அத்தகைய தேசிய கல்லூரி அமைந்தது. ஆனால் யுத்த காலத்தில் வடகிழக்கின் எத்தனையோ பாடசாலைகளைத் திறந்துவைத்திருந்தவர்கள் சம்பளமோ பயிற்சியோ இல்லாத தொண்டர் ஆசிரியர்களே.

2000 ஆம் ஆண்டையொட்டிப் பாடசாலைகளுக்குத் ‘தர உள்ளீடு’ என்ற பெயரில் நிதி வரத்தொடங்கியது. வரைபடம், கற்றல் சாதனம், நூலகப் புத்தகம் வாங்கலாம். அதிபர்மார் பலர் அதை ஒழுங்காகவே செலவிட்டனர். கணித ஆசிரியர் இல்லாத பாடசாலையிற் கணித உபகரணப் பெட்டி பூட்டிய அலுமாரிக்குள் இருந்ததையும் நான் கண்டிருக்கிறேன். 1833 இன் கட்டடங்கள்தான் நினைவுக்கு வந்தன.

இந்த வரலாற்றை எமது பக்கத்திலிருந்து எழுதுவதற்கான சான்று எங்கே என்று கேட்பீர்கள். பழைய பாடசாலைகளின் லொக் புத்தகங்களில் இருக்கிறது. தலைமையாசிரியர் லொக் புத்தகம் எழுதவேண்டும் என்ற விதியும் லோவின் 1862 கோவையோடு வந்ததே. அந்தக் கோவையால் விளைந்த ஒரே நன்மை அதுவாக இருக்கலாம். யார் எப்போது வந்தார், எத்தனை பிள்ளை தேறியது, எந்த ஆசிரியர் எப்போது இடம்மாறிப் போனார் என்பதெல்லாம் அவற்றில் உண்டு. நூற்றாண்டு விழா மலர் வெளியிடும் பாடசாலைகள் அமைச்சர்களின் வாழ்த்துச் செய்திக்கு ஒதுக்கும் பக்கங்களிற் பாதியையாவது அவற்றிலிருந்து எடுத்து அச்சிடலாம். பல ஊர்களில் அவை இன்னும் அதிபரின் அறையில், அடித்தட்டில், கறையான் எட்டாத உயரத்துக்கு ஏற்றப்படாமற் கிடக்கின்றன.