நிரமயா நலக் காப்பீட்டுத் திட்டம்

நிரமயா என்பது மதியிறுக்கம் (ஆட்டிசம்), பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பன்முகக் குறைபாடு ஆகியவற்றுள் ஒன்றை உடையவர்களுக்காக இந்தியாவில் நடத்தப்படும் நலக் காப்பீட்டுத் திட்டம் ஆகும். 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய அறக்கட்டளை இதனை 2008இல் தொடங்கியது. காப்பீட்டு வரம்பு ஆண்டுக்கு 1 இலட்சம் ரூபாய். 'நிராமய' என்னும் வடசொல்லுக்கு நோயற்ற என்பது பொருள். மதியிறுக்கம் ஒரு நோயன்று என்பதால் பெயர் சற்றுப் பொருந்தாததே.

பின்னணி

மதியிறுக்கமுடைய குழந்தைக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது மருத்துவமனைப் படுக்கையோ அறுவை மருத்துவமோ அன்று. பேச்சுப் பயிற்சி, செயல்முறை மருத்துவம், நடத்தைப் பயிற்சி முதலியன வாரந்தோறும், பல ஆண்டுகள் தேவைப்படுகின்றன. இந்திய நலக் காப்பீடோ மருத்துவமனையில் சேர்வதை அடிப்படையாகக் கொண்டு வளர்ந்தது. 2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம் குடும்பத்துக்கு 5 இலட்சம் ரூபாய் வரை தந்தாலும், இத்தகைய புறநோயாளர் செலவுகள் அதில் அடங்குவதில்லை.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய்க்கும் உடல்நோய்க்கு இணையான காப்பீடு வழங்கப்பட வேண்டும் என்கிறது. ஆனால் அச்சட்டத்தில் மனநோயின் வரையறை மதியிறுக்கத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. மேலும், புறநோயாளர் செலவையே ஏற்காத ஒரு காப்பீட்டில் 'இணையாக' என்னும் சொல் பேச்சுப் பயிற்சிக்கு வழிதிறக்காது. ஐக்கிய அமெரிக்காவில் இச்சிக்கல் மாநிலச் சட்டங்கள் வழியாக அணுகப்பட்டது. இந்தியானா மாநிலம் 2001இலேயே காப்பீட்டு நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தியது. 2019க்குள் 50 மாநிலங்களும் ஏதேனும் ஒரு வகையில் அவ்வழிக்கு வந்தன.

காப்பீட்டு விதிகள்

நிரமயாவில் சேர முன்மருத்துவப் பரிசோதனை தேவையில்லை. ஏற்கனவே உள்ள குறைபாடு என்பதைக் காட்டி யாரும் விலக்கப்படுவதில்லை. குறைபாடு இருப்பதே தகுதி. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோருக்குச் சேர்க்கைக் கட்டணம் 250 ரூபாய், புதுப்பிக்க 50 ரூபாய். ஏனையோருக்கு முறையே 500, 250 ரூபாய் என விதிக்கப்பட்டது.

முழு 1 இலட்சத்தையும் பயிற்சிகளுக்குப் பயன்படுத்த இயலாது. 2015ஆம் ஆண்டின் திட்ட விதிகளில் மருத்துவமனைச் செலவுக்கு 70,000 ரூபாயும், தொடர் சிகிச்சைகளுக்கு 10,000 ரூபாயும் ஒதுக்கப்பட்டிருந்தன. வாரத்துக்கு இரு அமர்வுகள் எனக் கொண்டால் ஆண்டுக்கு 104 அமர்வுகள். அமர்வு ஒன்றுக்கு 100 ரூபாய் கூடக் கிடைக்காது. மிகவும் தேவையான பகுதியே சிறியதாக இருப்பது இத்திட்டத்தின் குறையாகும்.

சான்றிதழ்

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் கட்டாயம். 1995ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலிட்ட 7 குறைபாடுகளுள் மதியிறுக்கம் இல்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 வகைகளுள் இடம்பெற்றது. மதிப்பீட்டுக்கு 40 கூறுகள் கொண்ட இந்திய மதியிறுக்க அளவுகோல் பயன்படுகிறது. இதில் 70க்குக் குறைந்த மதிப்பெண் மதியிறுக்கமாகக் கொள்ளப்படுவதில்லை.

புதுச்சேரியில்

புதுச்சேரியில் ஜிப்மர் மருத்துவமனையின் குழந்தை நலம், மனநலம் ஆகிய துறைகளும், 2003இல் தொடங்கிய சத்யா சிறப்புப் பள்ளியும் உள்ளன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பன்முகக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது.

மாசிமகத் தீர்த்தவாரிக்குப் பெயர்பெற்ற வைத்திக்குப்பம் போன்ற மீனவர் பகுதிகளில் இத்திட்டத்தின் தேவை கூடுதலாகும். மாதச் சம்பளமோ முதலாளியோ இல்லாத மீனவருக்குத் தொழிலாளர் அரசுக் காப்பீடு (ஈ.எஸ்.ஐ.) கிடைப்பதில்லை. நிரமயாவில் முதலில் பணம் செலுத்திவிட்டு, மருத்துவரின் பரிந்துரையையும் மூல இரசீதுகளையும் அனுப்பியே தொகையைத் திரும்பப் பெற வேண்டும். காப்பீட்டு ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்குகிறது. விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடைக்காலமோ ஏப்ரல் 15இல் தொடங்கி சூன் 14 வரை நீள்கிறது. ஆகவே, புதிய ஆண்டின் தொகை முழுமையாக இருக்கும் மாதங்களில்தான் படகில் செல்லும் குடும்பத்திடம் முன்பணம் இருப்பதில்லை. இரசீதே இல்லாத பயிற்சிக்கு இழப்பீடு கோரவும் இயலாது.