ஸ்லைடு ஷோவின் கதையும் எங்கள் ஊர் வைகை அணையும்



போன செமஸ்டரில் வகுப்பில் ஆளுக்கு ஒரு செமினார் கொடுக்க வேண்டியிருந்தது. ஆண்டிப்பட்டிப் பக்கத்துக்காரன் என்பதால் நான் எடுத்த தலைப்பு வைகை அணை. இரண்டு இரவு கண் விழித்து 24 ஸ்லைடு தயார் செய்தேன். முதல் ஸ்லைடிலேயே கூட்டத்தைக் கவர வேண்டும் அல்லவா? தெர்மாகோல் படத்தைப் போட்டேன். சிரிப்பு அடங்க இரண்டு நிமிடம் ஆனது. அதன் பிறகு மீதி 23 ஸ்லைடையும் திரையைப் பார்த்து வாசித்து முடித்தேன்.

கடைசியில் பேராசிரியர் வகுப்பைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அணையில் எத்தனை அடி வரை தண்ணீர் தேக்கலாம்?" ஒருவருக்கும் தெரியவில்லை. 71 அடி. என் ஒன்பதாவது ஸ்லைடில் ஏழாவது வரியில் இருந்தது!

அந்த அவமானத்தில்தான் இந்த ஸ்லைடு என்கிற சமாச்சாரம் எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன்.

முதலில் தெர்மாகோல். 2017 ஏப்ரலில் கடும் வறட்சி. அணை நீர் ஆவியாவதைத் தடுக்க, அப்போதைய அமைச்சர் செல்லூர் ராஜூ தெர்மாகோல் அட்டைகளை ஒட்டி வைகை அணையில் மிதக்க விட்டார். பத்திரிகைக்காரர்கள், கேமராக்கள் எல்லாம் அங்கேயே இருந்தன. காற்று அடித்தது, அட்டைகள் கரைக்கு ஒதுங்கிவிட்டன. அன்று மாலையே உலகத் தமிழர் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் நீர்ப்பரப்பை மூடும் யோசனை ஒன்றும் கிறுக்குத்தனம் இல்லை. 2015ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒரு நீர்த்தேக்கத்தில் 9 கோடியே 60 லட்சம் கறுப்பு பிளாஸ்டிக் பந்துகளை மிதக்க விட்டார்கள். வெயிலால் தண்ணீரின் தரம் கெடாமல் இருக்கவும், ஆவியாதல் குறையவும் அந்த ஏற்பாடு. காற்றில் பறக்காமல் இருக்க அந்தப் பந்துகளுக்குள் கொஞ்சம் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்! இங்கே ஒரு படம் ஒரு யோசனையையே விழுங்கிவிட்டது. என் முதல் ஸ்லைடு மற்ற 23ஐ விழுங்கியதும் அப்படித்தான்.

சரி, கதைக்கு வருவோம். வெளிச்சத்தை வைத்துத் திரையில் படம் காட்டுவது நமக்குப் புதிதில்லை, தோல்பாவைக்கூத்து இருக்கிறதே. கண்ணாடியில் வரைந்த படத்தை விளக்கொளியால் சுவரில் பெரிதாக்கிக் காட்டும் 'மாய விளக்கு' 1659 வாக்கில் ஹாலந்து நாட்டு விஞ்ஞானி ஹைகன்ஸ் உருவாக்கியது. அதற்கு அவர் வரைந்த படம் என்ன தெரியுமா? தன் தலையைக் கழற்றி மாட்டும் எலும்புக்கூடு. (ஆக, கூட்டத்தைக் கவர வேடிக்கைப் படம் போடும் வியாதி 360 வருடப் பழசு.)

இந்தியாவில் 1892ல் மும்பைக்கு அருகே கல்யாண் ஊரைச் சேர்ந்த பட்வர்தன் குடும்பத்தார் 'ஷாம்பரிக் கரோலிகா' என்ற பெயரில் மாய விளக்குக் காட்சி நடத்தினார்கள். கையால் வண்ணம் தீட்டிய கண்ணாடி ஸ்லைடுகளில் புராணக் கதைகள். கூடவே வசனமும் பாட்டும் உண்டு. கவனியுங்கள், படத்தில் எழுத்து இல்லை. கதை முழுக்கச் சொல்பவர் வாயில் இருந்தது. விளக்கு நின்றால்கூட கதை நின்றிருக்காது.

எழுத்து ஸ்லைடு நம் ஊர்ப் பெரியவர்களுக்கு டூரிங் டாக்கீஸில் பழக்கம். கண்ணாடித் துண்டில் கரியைப் பூசி, ஊசியால் கீறி, புரொஜக்டர் முன் வைத்தால் திரையில் வெள்ளை எழுத்து. "புகை பிடிக்காதீர்கள்", "இடைவேளை", இன்னாரை வெளியே கூப்பிடுகிறார்கள்... ஒரு கண்ணாடிக்கு ஒரு சேதிதான். அதற்கு மேல் கீற இடமும் கிடையாது, ஆபரேட்டருக்குப் பொறுமையும் கிடையாது. என் தாத்தாவிடம் கேட்டால் படத்தின் கதை மறந்துபோனாலும் அந்த ஸ்லைடுகள் ஞாபகம் இருக்கிறது என்கிறார்.

பிறகு 1961ல் கோடக் கம்பெனியின் வட்டத் தட்டு ஸ்லைடு புரொஜக்டர், கல்லூரிகளில் ஓவர்ஹெட் புரொஜக்டர் என்று போனது. 1987 ஏப்ரலில் ஃபோர்தாட் என்ற சின்னக் கம்பெனி மெக்கின்டாஷ் கம்ப்யூட்டருக்காக பவர்பாயிண்ட்டை வெளியிட்டது. ராபர்ட் கேஸ்கின்ஸ், டென்னிஸ் ஆஸ்டின் இருவரும் அதன் கர்த்தாக்கள். சில மாதங்களிலேயே மைக்ரோசாஃப்ட் 1 கோடியே 40 லட்சம் டாலருக்கு ஃபோர்தாட்டை வாங்கிவிட்டது. முதல் பதிப்பு கறுப்பு வெள்ளைதான். ஆனால் அதிலேயே பேசுபவருக்கான குறிப்புப் பக்கம் தனியாக இருந்தது! திரையில் ஒன்று, கையில் இருக்கும் தாளில் ஒன்று என்று செய்தவர்களே பிரித்துக் கொடுத்திருந்தார்கள். குறிப்பை எல்லாம் ஸ்லைடிலேயே கொட்டியது நாம்தான்.

இதனால் செமினாரில் தூக்கம் வருமே தவிர வேறென்ன ஆகிவிடும் என்று நானும் நினைத்தேன். கொலம்பியா விண்கலம் பற்றிப் படிக்கும் வரை.

2003 ஜனவரி 16ல் கொலம்பியா கிளம்பிய 82 விநாடிகளில், எரிபொருள் தொட்டியிலிருந்து நுரைப் பொருள் ஒன்று பிய்ந்து இடது இறக்கையில் மோதியது. கலம் மேலே சுற்றிக்கொண்டிருக்க, போயிங் பொறியாளர்கள் ஆபத்து உண்டா என்று ஆராய்ந்து நாசா அதிகாரிகளுக்கு ஸ்லைடுகளில் காட்டினார்கள். அதில் ஒரு ஸ்லைடின் தலைப்பு, பழைய சோதனைகளை வைத்துப் பார்த்தால் கணக்கு பாதுகாப்பான பக்கமே இருக்கிறது என்ற தொனியில் இருந்தது. கீழே வரிக்குள் வரி, அதற்குள் இன்னொரு வரி. எல்லாவற்றுக்கும் அடியில் சின்ன எழுத்தில், சோதித்த துண்டு 3 கன அங்குலம், மோதியது 1920 கன அங்குலம் என்று இருந்தது. 640 மடங்கு! அதாவது அந்தச் சோதனையை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்பதுதான் சேதி. அது கடைசி வரியில் கிடந்தது. பிப்ரவரி 1ல் கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் திரும்பி வரவில்லை.

விபத்தை விசாரித்த குழு, எட்வர்ட் டஃப்டி என்ற பேராசிரியர் அந்த ஸ்லைடை வரி வரியாக அலசியதைத் தன் அறிக்கையிலேயே சேர்த்தது. விபத்துக்கு ஸ்லைடு ஒன்றே காரணம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பொறியியல் அறிக்கைக்குப் பதில் ஸ்லைடுகளை வைத்து முடிவெடுக்கும் வழக்கத்தைக் குழு கண்டித்தது.

அதைப் படித்துவிட்டு என் ஒன்பதாவது ஸ்லைடைத் திறந்து பார்த்தேன். 1959 ஜனவரி 21ல் காமராஜர் திறந்து வைத்தது, மொத்த உயரம் 111 அடி, இரு கரையிலும் பூங்கா... எல்லாம் சரிதான். ஆற்றங்கரையில் இருப்பவனுக்கு இதில் எது வேண்டும்?

மழைக்காலத்தில் வைகை அணையில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை. 68.5 அடியில் இரண்டாவது. 69 அடியில் மூன்றாவது, அதன் பிறகு பெரும்பாலும் உபரி நீர் திறப்புதான். தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் என ஐந்து மாவட்டக் கரையோர மக்களுக்கும் அதே மூன்று எண்கள். ஆற்றில் இறங்காதே, ஆடு மாட்டைக் கரையேற்று. டூரிங் டாக்கீஸ் கண்ணாடி மாதிரி, ஒரு தடவைக்கு ஒரு சேதி.

பேராசிரியர் பெருந்தன்மையாக இன்னொரு வாய்ப்பு கொடுத்தார். இந்த முறை நான்கே ஸ்லைடு. முதலில் அணையின் குறுக்குவெட்டுப் படம், அதில் 71 என்று ஒரு கோடு. அடுத்த மூன்றில் அதே படம், தண்ணீர் மட்டும் 66, 68.5, 69 என்று ஏறும். மீதியை எல்லாம் தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு பேசினேன். கை நடுங்கியது என்பது வேறு விஷயம்.

முடிந்ததும் பின் பெஞ்சிலிருந்து சோழவந்தான் பையன் ஒருவன் எழுந்தான். "மூணாவது எச்சரிக்கை விட்டு தண்ணி தொறந்தா எங்க ஊருக்கு வர எத்தனை மணி நேரம் ஆகும்?" என்றான்.

என் தாளில் அது இல்லை.