ஃபிராங்க்ளின் போட்ட வட்டிக்கணக்கு

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த என் வயதுக்காரர்களுக்கு 'போனோம் ரிஷார்' என்ற பெயர் நினைவிருக்கலாம். சிக்கனமும் உழைப்பும் போதித்த அந்தக் கற்பனைப் பெரியவரைப் படைத்தவர் அமெரிக்கரான பெஞ்சமின் ஃபிராங்க்ளின். 1776 முதல் 1785 வரை அவர் பிரான்சில் தூதராக இருந்தார்.

1785ல் மாத்தோன் தெ லா கூர் என்ற பிரெஞ்சுக்காரர் 'ஃபொர்த்துனே ரிக்கார்' என்பவரின் உயில் என்று ஒரு வேடிக்கை நூல் எழுதினார். அதில் ஒருவர் 500 லிவ்ருகளை ஐந்து பங்காக்கி, ஒவ்வொன்றையும் 100, 200, 300 என 500 ஆண்டுகள் வரை வட்டிக்கு வட்டியாக வளர விட்டுப் போகிறார். ஃபிராங்க்ளின் இதைக் கேலியாகத் தள்ளிவிடவில்லை. எழுதியவருக்கு நன்றிக் கடிதம் எழுதினார். 1789ல் தன் உயிலிலும் ஒரு துணைப்பத்திரம் சேர்த்தார்.

பிறந்த ஊரான பாஸ்டனுக்கு 1,000 பவுன், வாழ்ந்த ஊரான பிலடெல்பியாவுக்கு 1,000 பவுன். பென்சில்வேனியாவின் தலைவராக இருந்தபோது பெற்ற சம்பளம் அது. தொழில் கற்று முடித்த, 25 வயதுக்குட்பட்ட, மணமான இளைஞர்களுக்கு 5 சதவீத வட்டியில் கடன். இரண்டு பேர் ஜாமீன். ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு அசலைத் திருப்ப வேண்டும். அவரே இளமையில் இரண்டு நண்பர்கள் கொடுத்த கடனில்தான் அச்சகம் வைத்தார். அந்த நன்றிதான் இது.

100 ஆண்டில் அது 1,31,000 பவுன் ஆகும் என்று கணக்குப் போட்டார். அதில் 1,00,000 ஊர்ப்பணிக்கு, மீதி 31,000 இன்னும் 100 ஆண்டுக்கு. முடிவில் 40 லட்சத்துக்கும் மேல்.

அவர் 1790 ஏப்ரலில் காலமானார். தொழில் பழகும் பழைய முறை மெல்ல மறைந்தது, கடன் கேட்பவர் குறைந்தனர், சில கடன்கள் வசூலாகவில்லை. பாஸ்டன்காரர்கள் பெரும்பகுதியை ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் முதலீடு செய்தார்கள். 1990ல் பாஸ்டனில் சுமார் 50 லட்சம் டாலர், பிலடெல்பியாவில் சுமார் 20 லட்சம் டாலர் இருந்தது. கணக்கு சொன்னதைவிடக் குறைவுதான். ஆனாலும் பாஸ்டன் பங்கிலிருந்து ஒரு தொழிற்கல்விக்கூடம் எழுந்தது. 1908 முதல் அங்கே பிள்ளைகள் படித்தார்கள்.

நான் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் சேமநல நிதியிலிருந்து மூன்று முறை பணம் எடுத்தேன். வீட்டுக் கூரைக்கு ஒருமுறை, மகள் கல்யாணத்துக்கு ஒருமுறை, என் வீட்டம்மாவின் ஆபரேஷனுக்கு ஒருமுறை. எடுக்காமல் விட்ட நண்பர் ஒருவர் ஓய்வு பெற்றபோது என்னைவிடப் பெரிய தொகை வாங்கினார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது யோசித்தால் கூரைக்கும் ஆபரேஷனுக்கும் எடுத்ததில் வருத்தமில்லை. கல்யாணத்தில் பந்தலுக்கும் பாண்டு வாத்தியத்துக்கும் கரைத்த பாதிதான் உறுத்துகிறது. அது எந்தக் கையிலும் தங்கவில்லை, வளரவும் இல்லை.

வட்டிக்குக் காலம் வேண்டும். அந்தக் காலம் எழுபது வயதைத் தாண்டிய என்னிடம் இல்லை. ஆறு வயதுப் பேத்தியிடம் நிறைய இருக்கிறது. அதனால் போன மாதம் தபால் நிலையத்தில் அவள் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கினேன். பென்ஷன் வந்த மறுநாளே முதலில் அதற்குப் போடுகிறேன். தொகை சிறிது. முதிரும்போது நான் இருப்பேனா தெரியாது. ஃபிராங்க்ளினும் பார்க்கவில்லையே!