குத்துச்சண்டை வீரர்களின் மூளைச் சிதைவு

ஆண்டுக்கணக்காகத் தலையில் வாங்கிய அடிகளின் பயனாக, பெரும்பாலும் மேடையை விட்டு விலகிப் பல வருஷங்கள் கழிந்த பின்னரே வெளிப்படும் மூளை நோய். நாக்குழறல், நடைத் தள்ளாட்டம், கைநடுக்கம், ஞாபகமறதி, காரணமற்ற சினம் ஆகியவை இதன் லட்சணங்கள்.

கி.மு. 688 முதல் கிரேக்க ஒலிம்பிக் பந்தயங்களில் குத்துச்சண்டை இடம்பெற்றது. இங்கிலாந்தில் ஜாக் பிராட்டன் 1743இல் விதிகளை வகுத்தார்; 1867இல் வெளியான குவீன்ஸ்பெரி விதிகள் கையுறையைக் கட்டாயமாக்கின. கையுறை மூளையைக் காத்ததா, அன்றி விரலெலும்பு முறியும் என்ற அச்சத்தைப் போக்கித் தலையைக் குறிவைக்கும் வழக்கத்தையே வளர்த்ததா என்பதில் கருத்தொற்றுமை இல்லை.

நியூஜெர்சி மாகாணத்தில் நியூவர்க் நகரை உள்ளடக்கிய எசெக்ஸ் வட்டாரத்துத் தலைமைச் சவப்பரிசோதகராயிருந்தவரும், கடிகார முகப்புகளுக்கு ரேடியம் தீட்டிய பெண்களின் நோயை ஆராய்ந்து முன்பே பெயர் பெற்றவருமான ஹாரிசன் மார்ட்லண்ட், 1928 அக்டோபரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் எழுதிய கட்டுரையே இந்நோயை வைத்திய உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. பந்தயம் நடத்துபவர்களும் ரசிகர்களும் இதனை நெடுநாளாக அறிந்திருந்தனர் என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார். இவ்வாறு பாதிக்கப்பட்ட ஒருவன் மேடையேறினால், மேல்மாடத்து மலிவுக் கட்டண இருக்கைகளில் அமர்ந்திருந்தோர் 'குக்கூ' (கிறுக்கன்) என்று கூவிப் பரிகசித்தனராம். ஆகவே, நோயை முதலில் கண்டறிந்த பெருமை நியாயமாக அந்த மேல்மாடத்து ஜனங்களுக்கே உரியதாகலாம். பந்தயம் நடத்துபவர் ஒருவர் மார்ட்லண்டுக்கு 23 வீரர்களின் பெயர்களைக் கொடுத்தார். எனினும், அவர்களுள் சிலரைப் பற்றியே அவரால் விவரம் உறுதிசெய்ய முடிந்தது. வேறு வகையில் தலையில் அடிபட்டு இறந்தோரின் மூளைகளில் தாம் கண்ட நுண்ணிய இரத்தக்கசிவுகளைக் கொண்டு, இவர்களது மூளையிலும் அத்தகையனவே நிகழ்ந்திருக்கவேண்டும் என அவர் அனுமானித்தார்.

1937இல் மில்ஸ்பா என்பவர் இந்நோய்க்கு லத்தீன் பெயரொன்றைச் சூட்டினார். பிரிட்டனில் 1929 முதல் 1955 வரை உரிமம் பெற்றிருந்த தொழில்முறை வீரர்களுள் 224 பேரைப் பரிசோதித்த ராபர்ட்ஸ், 37 பேரிடம் நரம்பு மண்டலப் பழுது இருப்பதாக 1969இல் அறிவித்தார்.

மார்ட்லண்டின் அனுமானத்துக்குப் பின் 45 ஆண்டுகள் சென்று, இங்கிலாந்தின் ரன்வெல் மருத்துவமனையைச் சார்ந்த கார்செல்லிஸும் அவருடைய சகாக்களும், ஓய்வுபெற்ற 15 வீரர்களின் மூளைகளைச் சேகரித்து, உறவினரிடம் அவர்தம் வாழ்க்கையையும் பொறுமையாக விசாரித்து, இரண்டையும் ஒருங்கே வைத்து 1973இல் வெளியிட்டனர். மூளையின் நடுவிலுள்ள மெல்லிய தடுப்புச் சவ்வு கிழிந்திருந்தது. அங்க அசைவை ஆளும் கரும்பொருட் பகுதியில் உயிரணுக்கள் அருகியிருந்தன. நரம்பணுக்களுள் இழைச்சிக்கல்கள் மிகுந்திருந்தன. முதுமை மறதி நோய்க்குரிய படிவுகள் அநேகமாக இல்லை என்ற அவர்களது முடிவு, 1990இல் நவீன சாயமுறைகளால் திருத்தப்பட்டது.

1982இல் கொரிய வீரர் கிம் டுக்கூ லாஸ் வேகாஸில் அடிபட்டு மாண்டபின், உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில் பட்டப்போட்டிகளை 15 சுற்றுகளிலிருந்து 12ஆகக் குறைத்தது. முகமது அலியின் நடுக்கவாதத்துக்குக் குத்துச்சண்டையே காரணமா என்பது விவாதத்துக்குரியது. அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக் வெப்ஸ்டரின் மூளையில் இதையொத்த சிதைவு இருந்ததாக 2005இல் பென்னட் ஒமாலு எழுதினார். 2013 முதல் முதுநிலை அமெச்சூர் ஆடவர் போட்டிகளில் தலைக்காப்பு நீக்கப்பட்டது; அதனால் நன்மையா தீமையா என்பது முடிவாகவில்லை.