அரசகரும மொழிக் கொள்கை (இலங்கை)

அரச நிருவாகமும் நீதிபரிபாலனமும் நடைபெறுதற்கெனச் சட்டம் விதிக்கும் மொழி அரசகரும மொழி எனப்படும். பிரித்தானியர் ஆட்சியில் இவ்விடத்தை ஆங்கிலம் வகித்தது. சிங்களத்தை அரசகரும மொழியாக்கும் பிரேரணையை 1944இல் ஜே. ஆர். ஜயவர்த்தனா அரசாங்க சபையில் கொண்டுவந்தபோது வி. நல்லையாவின் திருத்தத்தால் தமிழும் அதில் சேர்க்கப்பட்டது. எனினும் 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்துக்கு மட்டுமே அத்தகுதியை வழங்கியது. கோப்பாய்த் தொகுதியின் முதல் நாடாளுமன்ற உறுப்பினரும் தமிழரசுக் கட்சியை நிறுவியோருள் ஒருவருமான கு. வன்னியசிங்கம் இச்சட்டத்தை எதிர்த்தோருள் முன்னின்றார். பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் தமிழின் இடம் பற்றி 1957இல் செய்த ஒப்பந்தம் மறு ஆண்டிலேயே கைவிடப்பட்டது.

1956ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைப்படுத்தப்படுவதை எதிர்த்துத் தமிழரசுக் கட்சி 1961 பெப்ரவரி 20இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலில், அதாவது மாவட்ட அரச செயலக வாயிலில், தொடங்கிய சத்தியாக்கிரகம் வடக்கு கிழக்கின் ஏனைய கச்சேரிகளுக்கும் பரவி நிருவாகத்தை முடக்கியது. ஏப்ரல் 14இல் தமிழரசுக் கட்சி தனக்கென அஞ்சல் சேவை ஒன்றைத் தொடங்கி, தமிழில் அச்சிட்ட முத்திரைகளை மக்களுக்கு விற்றது. அரசொன்றுக்கே உரிய அச்சிறு தாள் துண்டைக் கட்சியொன்று வெளியிட்டமை இவ்வரலாற்றில் தனித்து நிற்கிறது. சில நாள்களில் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டு, தலைவர்கள் பனாகொடை முகாமில் தடுத்துவைக்கப்பட்டனர். அஞ்சல் சேவையே அரசின் சினத்தைக் கிளப்பியது என்பாரும், நீடித்த நிருவாக முடக்கமே காரணம் என்பாரும் உளர்.

சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்றாமையால் சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்ட எழுதுவினைஞர் செ. கோடீஸ்வரன் தொடுத்த வழக்கில், சிறுபான்மையினருக்குக் காப்பளித்த அப்போதைய சோல்பரி அரசியல் யாப்பின் 29ஆம் பிரிவுக்கு 1956ஆம் ஆண்டுச் சட்டம் முரணானது எனக் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் 1964இல் தீர்ப்பளித்தது. அரச ஊழியர் சம்பளத்துக்காக அரசின்மீது வழக்கிட இயலாது என்ற காரணத்தால் உயர் நீதிமன்றம் 1967இல் அத்தீர்ப்பை மாற்றியது. இலண்டனிலிருந்த இறுதி மேன்முறையீட்டு மன்றமாகிய கோமறைக் கழகம் வழக்கிட உரிமையுண்டு என 1969இல் தீர்த்தபோதும், யாப்பு பற்றிய வினாவை மீளாய்வுக்குத் திருப்பியனுப்பியது. 1972இன் புதிய யாப்பு 29ஆம் பிரிவைக் கைவிட்டமையால் அவ்வினாவுக்கு விடை கிடைக்கவேயில்லை.

1978ஆம் ஆண்டு யாப்பு தமிழைத் தேசிய மொழியாக ஏற்றது; 1987இன் 13ஆம் திருத்தம் அதனை அரசகரும மொழியாகவும் ஏற்று, ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கியது. 1988இன் 16ஆம் திருத்தம் நிருவாக மொழி பற்றிய விதிகளை விரித்தது. 1991இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழுச் சட்டம் நிறைவேறியது. 2007 முதல் புதிதாகச் சேரும் அரச ஊழியர் மற்ற மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டும் எனச் சுற்றறிக்கை விதித்தது. எனினும் சட்டத்தில் இடம்பெற்ற சமத்துவம் அலுவலகங்களில் முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. தமிழில் எழுதப்படும் கடிதங்களுக்குச் சிங்களத்தில் பதில் வருவதாக முறைப்பாடுகள் தொடர்கின்றன.