பஞ்சகாலத்துப் படிக்காசு

பொருண்முடை நேர்ந்த காலத்து அகவலி கொண்டு நிற்றல் வேண்டும் என்று அறிவுரைப்பார் பலர். அவ்வகவலி யாது, பசித்த வயிற்றின்முன் அஃது எங்ஙனம் நிற்கும் என்பனவற்றை விளக்குவார் சிலரே. நம் சமய வரலாற்றில் வற்கடத்தினிடையே வாழ்ந்துகாட்டிய நாயன்மார் மூவர் உளர். அவர்தம் செய்தியை அன்பர்கள் ஒருமுறை ஊன்றி நோக்குதல் தகும்.

புகழ்த்துணை நாயனார் செருவிலிபுத்தூரில் ஆதிசைவர் குலத்துத் தோன்றியவர். அரிசிற்கரைப்புத்தூர் எனப் பாடல்பெற்ற அத்தலம் இஞ்ஞான்று அழகாபுத்தூர் என வழங்குகின்றது. பஞ்சம் வந்துற்றுப் பசி மிக்க காலத்தும், எம்பெருமானை விட்டகலேன் என்று துணிந்து, மலரும் நீருங்கொண்டு இரவும் பகலும் பூசனையை வழுவாது நடத்தினார் நாயனார். ஒருநாள் திருமஞ்சனக் குடத்தைத் தாங்கமாட்டாது கை சோர்ந்தது. குடம் இறைவன் திருமுடிமேல் விழுந்தது. அயர்ந்து துயின்ற அவர்க்குப் பெருமான் கனவிற் றோன்றி, வற்கடம் நீங்குமளவும் நாடோறும் ஒரு காசு வைப்போம் என்றருளினார். விழித்தெழுந்தவர் பீடத்தின்கீழ்க் காசினைக் கண்டார்.

சுந்தரமூர்த்தி சுவாமிகள் அத்தலத்துப் பதிகத்திலேயே குடம் விழுந்ததனையும் காசு பெற்றதனையும் எடுத்தோதியிருத்தலின், இச்செய்தி சேக்கிழார் பெருமானுக்குச் சில நூற்றாண்டு முன்னரே வழங்கியதென்பது தெளிவு. ஈண்டு யாம் கருதற்பாலது ஒன்றுண்டு. உள்ளம் உறுதியுடையார்க்கு உடல் தளராது என்று நம் ஆசிரியர் கூறினாரல்லர். உடல் தளர்ந்தது, குடமும் வீழ்ந்தது. அதனை அவர் மறைத்திலர். உயிர் தான் சார்ந்ததன் வண்ணமாம் என்பது சித்தாந்த நூன்முடிபு. தனித்து நிற்கும் வலி உயிர்க்கு இல்லை. பசியையே சார்ந்தவழிப் பசியாகவே ஒழியும். திருவருளைச் சார்ந்தவழி, சோர்ந்த கையோடும் மறுநாட் பூசனைக்கு எழும். அகவலி எனப்படுவது இச்சார்பேயன்றிப் பிறிதில்லை.

இனித் திருவீழிமிழலைக்குச் செல்வோம். கி. பி. ஏழாம் நூற்றாண்டில் ஆளுடைய பிள்ளையாரும் ஆளுடைய அரசரும் அடியார் திருக்கூட்டத்தோடு அங்கு எழுந்தருளியிருந்த காலத்து மழை பொய்த்தது. காவிரி நீர் சுருங்கிற்று. இறைவன் இருவர்க்கும் நாடோறும் ஒவ்வொரு காசு, கிழக்குப் பீடத்திலும் மேற்குப் பீடத்திலும் வைத்தருளினார். இருவரும் அக்காசினைத் தமக்கென வைத்துக்கொள்ளாது திருமடங்களில் அடியார்க்கு அமுதூட்டினர். எல்லாரும் வந்து உண்க என நாளொன்றுக்கு இருபொழுதும் பறையறைவித்துச் சோறிட்ட செய்தியைச் சேக்கிழார் கூறுகின்றார்.

அரசர் மடத்தில் அமுது உரிய காலத்தே ஆயிற்று. பிள்ளையார் மடத்திலோ நாடோறும் காலந்தாழ்ந்தது. காரணம் வினவிய பிள்ளையார்க்கு, நம் காசினைக் கடைவீதி வணிகர் வாசி கேட்டே வாங்குகின்றனர், அரசர் காசினை வாசியின்றிக் கொள்கின்றனர் என்று அமுது சமைப்போர் விடையிறுத்தனர். வாசியென்பது காசு மாற்றுமிடத்துக் குறைத்துக்கொள்ளும் வட்டம். பிற்காலக் கல்வெட்டுக்களிற் காணும் 'அன்றாடு நற்காசு' என்னும் வழக்கும் காசின் தரம் அக்காலத்து எத்துணைக் கவலைக்குரியதாயிருந்தது என்பதனைக் காட்டும். திருவருளால் வந்த காசேயாயினும் கடைத்தெருவிற் சென்றே அரிசியாதல் வேண்டியிருந்தது! அரசரது கைத்தொண்டாகிய அடிமையே அவர் காசு குற்றமற்றதாதற்குக் காரணம் என்பர் சேக்கிழார். உழவாரம் பிடித்த கையல்லவா அது? பிள்ளையாரும் வாசி தீரப் பதிகம் பாடிக் குறையற்ற காசு பெற்றனர். இறைவனிடம் காசின் குறையை எடுத்துரைத்தல் உலகியலென்று அவர் நாணினாரல்லர், காத்திருந்தோர் பசித்தவர்.

இத்தகைய நாட்டில் நிகழ்ந்த மற்றொரு செய்தியையும் வரலாறு எழுதுவோர் மறைத்தல் ஆகாது. திருவீழிமிழலைக்குச் சில கல் தொலைவிலுள்ளது திருப்பாம்புரம். மூன்றாங் குலோத்துங்க சோழன் காலத்தில், 1201-ஆம் ஆண்டில், காசுக்கு மூன்று நாழி நெல் விற்ற கொடிய பஞ்சத்தில், வேளாளர் ஒருவர் தம்மையும் தம் பெண்மக்கள் இருவரையும் 110 காசுக்கு அத்திருக்கோயிலுக்கு விற்றுக்கொண்டமையை அவ்வூர்க் கல்வெட்டு அறிவிக்கின்றது. பெரியபுராணம் இயற்றப்பட்டு அப்போது ஏறத்தாழ அறுபது ஆண்டுகளே கழிந்திருந்தன. அரசரது தொண்டினைக் குறித்த அடிமை என்னும் சொல்லே இங்கும் பொருந்துவது. பொருளோ முற்றும் வேறு.

கோயிலார் பொருள் கொடுத்து மூன்று உயிரைக் காத்தனர் என்று அமைதி கூறுவாரும் உளராகலாம். அங்ஙனமே கொள்ளினும், திருவீழிமிழலையிற் பறையொலி கேட்டு வந்து உண்டாரை விலை கேட்டாரில்லை.