வேலூர் – ஆம்பூர் வட்டாரத்தில் தோல் சோதனைத் தொழிலின் வரலாறு

பாலாற்றுப் படுகையில் அமைந்த இராணிப்பேட்டை, மேல்விசாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் தமிழ்நாட்டின் முக்கியமான தோல் வட்டாரம் ஆகும். 2019 நவம்பரில் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்படும்வரை இவை யாவும் வேலூர் மாவட்டத்தில் இருந்தன. இவ்வட்டாரத்தைப் பற்றி எழுதுவோர் ஏற்றுமதியைப் பற்றி எழுதுவர்; இல்லையேல் மாசு வழக்கைப் பற்றி எழுதுவர். பதனிட்ட தோல் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் வேலை எப்படிக் கற்கப்பட்டது, அதை யார் யார் சேர்ந்து செய்தனர் என்பது அதிகம் பேசப்படாத பகுதி.

கையால் அறிந்த காலம்

ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட காலத்தில் சோதனைக்கென்று தனி ஆள் இல்லை. சுண்ணாம்புக் குழியிலிருந்து எடுத்த தோலில் மயிர் எளிதாகக் கழன்று வருகிறதா என்று கைவிரலால் தள்ளிப் பார்ப்பார்கள். மென்மையாக்கும் கட்டத்தில் கட்டைவிரலால் அழுத்தினால் அதன் பதிவு சற்று நேரம் நிற்க வேண்டும். பட்டைச்சாறு உள்ளே இறங்கியதா என அறியத் தடித்த இடத்தில் சிறிது வெட்டி, வெட்டுவாயின் நிறத்தைப் பார்ப்பர். நடுவில் வெளிறிய கோடு தெரிந்தால் தோல் இன்னும் பச்சை. மீண்டும் குழிக்குத்தான் போக வேண்டும்.

இந்த அறிவு புத்தகத்தில் இல்லை. மூத்த தொழிலாளியின் பக்கத்தில் நின்று, அவர் தொட்ட தோலைத் தானும் தொட்டுப் பார்த்தே இளையவர் கற்றார். தரம் பிரிக்கும் மேசையில் இன்றும் இம்முறை தொடர்கிறது. ஆனால் இதில் ஒரு குறை உண்டு. அந்த மூத்தவர் வேலையை விட்டுப் போனால் அளவுகோலும் அவரோடு போய்விடும்.

சென்னையில் 1903ஆம் ஆண்டளவில் ஆல்பிரட் சாட்டர்டன் குரோம் பதனிடுதலை அறிமுகப்படுத்தினார். அதனுடன் புதிய சோதனைகளும் வந்தன. அவற்றுள் எளியது கொதிநீர்ச் சோதனை. ஒரு துண்டுத் தோலைத் தாளின்மேல் வைத்துச் சுற்றிக் கோடு வரைந்துகொண்டு, கொதிக்கும் நீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டு எடுப்பார்கள். திரும்ப அதே கோட்டில் பொருந்தினால் குரோம் நன்றாகப் பிடித்திருக்கிறது. சுருங்கியிருந்தால் டிரம்மை மேலும் சுற்ற வேண்டும். விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படாத, எவரும் கண்ணால் கண்டு ஒப்புக்கொள்ளக்கூடிய சோதனை இது. தொழிலாளியும் முதலாளியும் வாதிட இடமில்லை.

1948இல் சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் அமைந்தது. அதன் இயக்குநராக விளங்கிய யலவர்த்தி நாயுடம்மா, ஆய்வகத்தில் கண்டதைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்காவிட்டால் பயனில்லை என்ற எண்ணம் உடையவர். 1973இல் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்தது. முழுமையாக முடித்த தோலை விற்க வேண்டிய நிலை வந்ததும் சாயம் ஒட்டுகிறதா, மடித்தால் வெடிக்கிறதா, இழுத்தால் கிழிகிறதா என்று பல கேள்விகளுக்கு எண்ணால் விடை சொல்ல வேண்டியதாயிற்று.

ஜெர்மனியின் தடை

1989 டிசம்பரில் ஜெர்மனி பென்டாகுளோரோபீனால் என்னும் பூஞ்சைக்கொல்லிக்குத் தடை விதித்தது. ஈரத் தோலில் பூசணம் பிடிக்காமல் காக்கப் பயன்பட்ட மலிவான பொருள் அது. ஒரு கிலோ தோலில் 5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அதாவது ஒரு டன் தோலில் 5 கிராம். கண்ணும் கையும் இங்கே உதவா. நுண்ணிய கருவி வேண்டும், அதை இயக்கத் தெரிந்தவர் வேண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. தடை செய்யப்பட்ட பொருள் எந்தப் பீப்பாயிலிருந்து வந்தது என்பது பதனிடுபவருக்கே தெரியாமல் இருக்கலாம். எனவே ரசாயனம் விற்பவர், பதனிடுபவர், காலணி தைப்பவர், ஆய்வகத்தார் ஆகிய நால்வரும் ஒருவரிடம் ஒருவர் உண்மை பேசினால்தான் வழி பிறக்கும். முடிந்த தோலைச் சோதிப்பதோடு நில்லாமல், வந்திறங்கும் ரசாயனத்தையும் சோதிக்கும் தேவை இப்படித்தான் எழுந்தது. 1994இல் சில அசோ சாயங்களையும் ஜெர்மனி தடை செய்தபோது அதே பாடம் மறுபடியும் படிக்கப்பட்டது.

மென்பொருள் சோதனையில் வேலை செய்யும் இன்றைய இளைஞர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. பிழை இல்லை என்று காட்டுவதற்காக அன்று, பிழையைக் கண்டுபிடிப்பதற்காகவே சோதிக்க வேண்டும் என்று கிளென்ஃபோர்ட் மையர்ஸ் 1979இல் வெளியான தம் நூலில் வற்புறுத்தினார். நிரலை எழுதியவரோடு தொடக்கத்திலிருந்தே உட்கார்ந்து பார்க்கும் சோதனையாளரும், பீப்பாய் வந்திறங்கும்போதே மாதிரி எடுப்பவரும் ஒரே தொழில்தான் செய்கிறார்கள்.

கிணற்று நீர்

வெளிநாட்டு வாடிக்கையாளரின் காலுக்காக இவ்வளவு விரைவாக வந்த சோதனை, உள்ளூர் கிணற்றுக்கு வர நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என அத்தீர்ப்பு அறிவித்தது. தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. பாலாற்றங்கரை உழவர்கள் தண்ணீர் உவர்ப்பதையும் பயிர் கருகுவதையும் அதற்கு வெகுகாலம் முன்பே அறிந்திருந்தனர். அவர்கள் நாவால் சொன்னது எந்தச் சான்றிதழிலும் ஏறவில்லை.

பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் கூட்டு வேலைக்குக் கடினமான எடுத்துக்காட்டு. ஒரு தொழிற்சாலை உப்பையோ குரோமியத்தையோ அளவுக்கு மீறி விட்டால் எல்லோருடைய கழிவுநீரும் கெடும். ஆகவே கடைசியில் வெளியேறும் நீரை மட்டும் அளந்து பயனில்லை. ஒவ்வொருவர் குழாயிலும் அளக்க வேண்டும். 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் அத்தகைய நிலையம் ஒன்றின் கழிவுத்தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்துத் தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் இறந்தனர். தொட்டிக்குள் இருந்ததை அளப்பது ஒரு சோதனை. தொட்டியின் சுவர் தாங்குமா என்பதும் சோதனைதான்.

ஆறு இணைதிறன் குரோமியம்

2015 மே 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் தோல் பொருள்களில் ஆறு இணைதிறன் குரோமியத்துக்குக் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என வரம்பு விதித்தது. பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் குரோமியம். அது தீங்கு குறைந்தது. ஆனால் வெப்பமும் வெளிச்சமும் பட்டு, சிலவகை எண்ணெய்களோடு சேர்ந்து, கிடங்கிலோ கப்பலிலோ அது ஆறாக மாறக்கூடும். ஆம்பூரில் தேறிய தோல் ஹாம்பர்க்கில் தோற்கலாம். இதற்காகவே மாதிரியை 80 பாகை வெப்பத்தில் 24 மணி நேரம் உலர வைத்து, செயற்கையாக முதுமையாக்கிய பின் சோதிக்கும் வழக்கம் ஏற்பட்டது. கரைசலில் ஊதா கலந்த சிவப்பு தோன்றினால் ஆறு இணைதிறன் குரோமியம் இருக்கிறது.

அது உருவாகாமல் தடுக்க எண்ணெயை மாற்றலாம், அமிலத்தன்மையைக் கவனிக்கலாம். மறுபதனிடலின்போது தாவரத் துவர்ப்புச் சாறு சிறிது சேர்ப்பதும் பலன் தருகிறது. குரோம் வந்ததால் ஓரங்கட்டப்பட்ட மரப்பட்டை, குரோமைக் காக்கும் வேலைக்கு டிரம்முக்குள் திரும்பி வந்திருக்கிறது.